வீடு யார் பேரில்? கோத்தகிரியில் நானும் அம்மாவும் பார்த்த படங்கள்

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் காகிதம்தான். ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், யாரோ ஒருவருடைய இறப்புச் சான்றிதழ். ராத்திரி எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், அம்மா ஸ்வெட்டர் போட்டு, காதைச் சுற்றி மப்ளர் கட்டி, டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு இரண்டு படம் எங்கள் கணக்கு. தியேட்டர் என்றால் மேட்டுப்பாளையம் இறங்குவோம். அந்த 33 கிலோமீட்டர் வளைவில் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும் என்பதால் அது வருஷத்துக்கு மூன்று, நாலு தடவைதான். வெளிநாட்டுப் படமென்றால் கீழே ஓடுகிற இங்கிலீஷ் வரிகளை நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அம்மா நடுவில் கேள்வி கேட்பார். நிறுத்திவிட்டுப் பதில் சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுவேன்.

பகலெல்லாம் காகிதம் பார்க்கிற கண்ணுக்கு ராத்திரியிலும் அதுதான் படுகிறது. குடும்பப் படம் என்று எதைப் போட்டாலும், இவர்கள் குடியிருக்கிற வீடு யார் பேரில் இருக்கிறது, நாளைக்கு ஒருத்தர் வந்து ‘காலி பண்ணு’ என்றால் இவர்கள் எதை எடுத்துக் காட்டுவார்கள் என்றுதான் பார்க்கிறேன். அது தெரிந்து எடுத்த படம் எனக்குள் தங்கிவிடுகிறது. அதை விட்டுவிட்டுப் பாசத்தை மட்டும் காட்டுகிற படம், எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும், மறுநாள் கடை திறப்பதற்குள் மறந்துபோகிறது. 2024, 2025-இல் நாங்கள் பார்த்தவற்றில் சிலதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். சில இடங்களில் கதையின் முடிவும் வரும். அது வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே 1-ஆம் தேதி வெளியானது, அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். 2022 பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் இலங்கையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் வாடகைக்குக் குடியேறுகிற அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். சசிகுமாரும் சிம்ரனும் வாயைத் திறந்த முதல் காட்சியிலேயே அம்மா சொல்லிவிட்டார்: “இது யாழ்ப்பாணத்து ஆளுங்க கதைக்கிறது புள்ள. நம்ம பேச்சு இது இல்ல.”

எங்கள் அம்மா மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்களே, அந்த 5,25,000-இல் ஒருவர். 1973-இல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். பிறகு மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. கையில் குடும்ப அட்டை இருந்தது. தாத்தா பேர், பாட்டி பேர், பிள்ளைகள் பேர். மூத்த மகன், என் பெரிய மாமாவின் பேர் மட்டும் அதில் கிடையாது. அவர் அப்போதே கல்யாணமாகித் தனி விண்ணப்பம் போட்டிருந்தார், அவருக்கு இலங்கைக் குடியுரிமை வந்துவிட்டது. ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் ஒரு காகிதத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எங்கே போனாலும் இந்தக் கதையை வேறு வேறு பேர்களோடு கேட்கலாம். ஐம்பது வருஷம் கழித்தும் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை நாங்கள் சும்மா பார்க்க முடியவில்லை. பேச்சு காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அந்தக் குடும்பம் வாயை அடக்கிக்கொண்டு திரிகிற காட்சிகளில் தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னுடைய பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனால் படத்தின் அந்தச் சின்னப் பையன் கமலேஷ் வருகிற ஒவ்வொரு காட்சிக்கும் அம்மா முகம் மலர்ந்தது. இளங்கோ குமரவேல் தன் மனைவியை இழந்து நிற்கிற இடத்தில், அதுவரை ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத காலனி ஜனங்கள் வந்து நிற்பது இந்தப் படத்தின் ஆகச் சிறந்த பகுதி. எங்கிருந்தோ வந்த ஒருவன்தான் அவர்களை அங்கே வரவைக்கிறான். லயத்தில் ஒரு சாவென்றால் அன்றைக்கு யார் வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். அப்படி வாழ்ந்த ஊர்க்காரன் நகரத்துக்கு வந்தால் முதலில் இதைத்தான் செய்வான். அதை அபிஷன் ஜீவிந்த் பிடித்திருக்கிறார். இவ்வளவு சின்ன வயதுக்காரருக்கு இது சாதாரண விஷயமில்லை.

எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. படத்தில் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுவது மனிதர்களுடைய நல்ல மனசு. போலீஸ்காரருக்கும் மனசு இளகுகிறது, காலனியே சேர்ந்து அரணாக நிற்கிறது. பார்க்கும்போது நானும் அழுதேன். பஸ்ஸில் மலையேறி வரும்போது, குஞ்சப்பனை தாண்டியதும், யோசனை வந்தது. அடுத்த மாசம் அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்ன காகிதம் கொடுப்பார்கள்? நல்ல மனசுள்ள போலீஸ்காரர் மாற்றலாகிப் போனால்? எங்கள் ஆட்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக, தாத்தாவின் பூர்வீக ஊருக்கு ஆதாரம் தேடி அலைந்ததை என் கடையில் வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்களுக்கும் ஊரில் எல்லாருமே நல்லவர்கள்தான். அந்தக் கேள்வியை ஒரே ஒரு காட்சியில் தொட்டிருந்தால்கூடப் போதும், இந்தப் படம் இன்னும் பல வருஷம் நிற்கும். இப்போதும் குடும்பத்தோடு பார்க்க இதைவிட நல்ல தமிழ்ப் படம் அந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

‘மெய்யழகன்’ வீட்டை இழப்பதில்தான் தொடங்குகிறது. 1996, தஞ்சாவூர். சொத்துத் தகராறில் பூர்வீக வீடு கைவிட்டுப்போக, அந்தப் பையன் கடைசியாக ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்க்கிற காட்சியில் ச. பிரேம்குமார் அவசரப்படவே இல்லை. வாசல், தூண், கொல்லை என்று அவன் கண் போகிற இடமெல்லாம் நம்முடைய கண்ணும் போகிறது. பிற்பாடு அரவிந்த்சாமியாக அவன் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வந்து, பேர்கூட ஞாபகமில்லாத ஒரு சொந்தக்காரனோடு, கார்த்தியோடு, ஒரு ராத்திரியைக் கழிக்கிறான். இந்தப் பக்கம் ஒரு வீடு போனது, அந்தப் பக்கம் இவன் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. சைக்கிள் கதையைக் கார்த்தி சொல்லும்போது அரவிந்த்சாமி முகத்தில் வருகிற வெட்கம் இருக்கிறதே, நடிப்பென்றால் அது. படம் 2024 செப்டம்பர் 27-இல் வெளியாகிச் சில நாட்களிலேயே, நீளம் என்று சொல்லிச் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேரைப் பற்றிய படம், பேசத்தான் செய்யும். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கேயோ போய்த்தான் திரும்பும்.

‘3 பிஎச்கே’ பற்றி நிறையப் பேர் உருகி எழுதினார்கள். சொந்த வீடு வாங்கத் துடிக்கிற சரத்குமார், அவர் மனைவியாகத் தேவயானி, மகனாகச் சித்தார்த், மகளாக மீதா ரகுநாத். சேர்த்த பணம் ஒவ்வொரு தடவையும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் கரைந்துபோவதை ஸ்ரீ கணேஷ் நிதானமாகக் காட்டுகிறார். அந்தக் கணக்கு உண்மையானது, நடிப்பும் குறையில்லை. ஆனால் சித்தார்த்தைப் பள்ளிக்கூடப் பையனாக ஏற்றுக்கொள்ள எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வாடகை வீட்டில் இருப்பதே ஒரு தோல்வி என்பது போல ஒரு எண்ணம் படம் முழுக்க ஓடுகிறது, அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அம்மாவும் இருப்பது வாடகை வீடு. அதில் தலைகுனிய எதுவும் இல்லை.

இப்போது ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’. பாயல் கபாடியா எடுத்தது. 1994-க்குப் பிறகு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் இந்தியப் படம், 2024-இல் அங்கே கிராண்ட் பிரீ வாங்கியது. விருதுப் படம் என்றதும் தள்ளி வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இது மும்பையில் ஒரே அறையில் தங்கியிருக்கிற இரண்டு மலையாள நர்ஸ்களுடைய கதை. நம் வீட்டிலிருந்து கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போன பெண்களுடைய கதையும் இதுதான். மூத்தவள் பிரபா, கனி குஸ்ருதி. கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குப் போன புருஷனிடமிருந்து போன்கூட வருவதில்லை. ஒருநாள் ஒரு பார்சல் வருகிறது. உள்ளே புத்தம்புது ரைஸ் குக்கர். கடிதம் கிடையாது, பேர் கிடையாது, ஜெர்மனியில் செய்தது என்று மட்டும் இருக்கிறது. ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை அவள் கட்டிப்பிடிக்கிறாள்.

அன்றைக்குப் பொங்கல் லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் ஆறு வருஷமாக இருக்கிறவள். அந்தக் காட்சி முடிந்ததும், “அக்கா, கொஞ்சம் பின்னால தள்ளுங்க” என்றாள். மறுபடி பார்த்தோம். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவளே ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் என்னைப் பிடித்துப்போட்டது மூன்றாவது பெண் பார்வதி. அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை, சாயா கதம் நடித்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த வீட்டை இடித்துக் கோபுரம் கட்டப் போகிறான் ஒரு பில்டர். அவளிடம் அங்கே இருந்ததற்கு ஒரு காகிதம் இல்லை. செத்துப்போன புருஷன் எதையும் சொல்லவும் இல்லை, வைத்துவிட்டுப் போகவும் இல்லை. வக்கீலிடம் போகிறார்கள், அவர் கேட்பதும் காகிதம்தான். எங்கள் அம்மா ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். 2019-இல் வேலை முடிந்ததும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சமையலறைச் சுவர், பின்பக்கம் போட்ட தகரம், வாசலில் வைத்த பேரி மரம் எல்லாம் அப்பாவும் அம்மாவும் செய்தது. அதற்கெல்லாம் எந்த ரசீதும் இல்லை. பார்வதி சாமானைக் கட்டி ரத்னகிரிப் பக்கம் தன் கிராமத்துக்குத் திரும்புகிறபோது, நான் வரி வாசித்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அம்மாவும் கேட்கவில்லை.

அதே பார்வதிதான், ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், அந்தப் பில்டருடைய விளம்பரப் பலகை மேல் கல்லெடுத்து வீசுகிறாள். பிரபாவும் கூடச் சேர்ந்துகொள்கிறாள். இருட்டில் இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் கல் விட்டெறிந்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரிக்கிறார்கள். பெண்களுடைய கோபத்தை இவ்வளவு எளிமையாக நான் சினிமாவில் பார்த்ததில்லை. படத்தின் இரண்டாம் பாதி கடற்கரைக் கிராமத்தில் கனவு மாதிரி நகர்கிறது. அங்கே பிரபாவுக்கு நடப்பது நிஜமா நினைப்பா என்று சிலர் குழம்பலாம். எனக்குக் குழப்பம் இல்லை. அவள் புருஷனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படமல்ல. வயதுக்கு வந்த மகளோடு அம்மா பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

‘கொட்டுக்காளி’யை 2024 ஆகஸ்டில் மேட்டுப்பாளையம் போய்ப் பார்த்தோம். பி.எஸ். வினோத்ராஜ் படம், பின்னணி இசையே கிடையாது. காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுசெய்து, அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறது ஒரு குடும்பம். அந்தப் பெண்ணாக வருகிற அன்னா பென் அநேகமாகப் பேசவே மாட்டார். காலில் கட்டிப்போட்ட சேவலும் அவரும் ஒன்றாகப் பயணம் போகிறார்கள். வழியில் ஒரு மாடு ரோட்டை மறித்து நிற்க, இத்தனை ஆம்பிளைகளும் செய்வதறியாமல் தவிக்கிறபோது, ஒரு சின்னப் பெண் வந்து அதை அழைத்துக்கொண்டு போகிற இடத்தை நான் மறக்க மாட்டேன். முடிவைப் பார்த்து எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் ‘இவ்வளவுதானா’ என்று எழுந்து போனார்கள். அந்த முடிவு சரி. அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவனாக வருகிற சூரி திரும்பி நடக்கப்போகிறானா இல்லையா என்பதைப் பார்க்கிற நாம்தான் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகளுக்கென்று ஒரு படம் கேட்டால் ‘ஃப்ளோ’ என்பேன். லாட்வியா என்கிற சின்ன நாட்டில் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் செய்த அனிமேஷன், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது, 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஒரு வார்த்தைப் பேச்சும் இல்லை. அதனால் எனக்கும் அன்று மொழிபெயர்க்கிற வேலை இல்லை. வெள்ளம் வந்து வீட்டை மூழ்கடிக்க, ஒரு பூனை படகில் ஏறுகிறது. கூடவே நாய், பறவை, லெமூர் என்று சேர்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் பாயில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த பெரியவர்கள் இந்த மலையில் தண்ணீரை விளையாட்டாகப் பார்ப்பதில்லை, அம்மாவும் அப்படித்தான் பார்த்தார். அந்த லெமூர் ஒரு கூடையில் கண்ணாடி, கிண்ணம் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, படகிலும் அதை விடாது. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சொன்னார், கப்பலுக்குச் சாமான் கட்டும்போது பாட்டி அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் தகரப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தாராம். கனம் தாங்காது என்று தாத்தா திட்டியும் கேட்கவில்லையாம். அந்தக் குழவி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. இங்கே வாங்கிய அம்மியோடு அது சரியாகப் பொருந்தாது.

கடைசியாகப் பார்த்தது ‘ஐயாம் ஸ்டில் ஹியர்’. பிரேசில் படம், வால்டர் சாலஸ் இயக்கியது. 2025-இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான், பிரேசிலுக்கு அந்தப் பிரிவில் முதல் தடவை. நடந்த கதை. 1971 ஜனவரியில், ராணுவ ஆட்சிக் காலத்தில், ரியோ டி ஜெனிரோவில் ரூபன்ஸ் பைவா என்கிற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள். திரும்பி வரவில்லை. நாங்கள் கைது செய்யவே இல்லை என்றது அரசாங்கம். ஐந்து பிள்ளைகளோடு மனைவி யூனிஸ் தனியாக நிற்கிறாள்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. கடற்கரை, பந்து, பாட்டு, நாய்க்குட்டி, வீடு நிறையப் பிள்ளைகள். அந்த வீட்டின் கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கும். பிறகு வந்தவர்கள் ஜன்னல் திரைகளை இழுத்து மூடச் சொல்கிறார்கள், வீடு இருட்டாகிறது. அதன் பிறகு அந்த வீடு பழையபடி ஆவதே இல்லை. பேங்கில் புருஷன் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது, புருஷன் செத்தான் என்று சொல்லவும் காகிதம் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று யாரும் எழுதித் தராத ஒரு ஆளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்பதை ஃபெர்னாண்டா டோரஸ் அழாமல் நடித்திருக்கிறார். ஒரு பத்திரிகைக்காரர் குடும்பத்தை நிற்கவைத்துப் படமெடுக்க வருகிறார். கொஞ்சம் சோகமாக இருக்கட்டும் என்கிறார். யூனிஸ் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மா, “ஏன் புள்ள சிரிக்கச் சொல்றா?” என்று கேட்டார். நான் நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்குவதற்குள், “விளங்கிருச்சு, ஓட விடு” என்றார்.

யூனிஸ் அதற்குப் பிறகு சட்டம் படித்து வக்கீலாகிறாள். 1996-இல், இருபத்தைந்து வருஷம் கழித்து, புருஷனுடைய இறப்புச் சான்றிதழ் கையில் வருகிறது. அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறாள், முகத்தில் நிம்மதி. இறப்புச் சான்றிதழ் வாங்க என் கடைக்கு வருகிறவர்கள் முகங்கள் எனக்குத் தெரியும். இந்த முகம் அவர்களுடையது அல்ல. இது வேறு. இந்த ஒரு காட்சிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் கூடவே நடக்க வைத்திருக்கிறார் சாலஸ். கடைசியில் வயதான யூனிஸாக வருபவர் ஃபெர்னாண்டா மான்டெனெக்ரோ, டோரஸின் சொந்த அம்மா. பேச்சே இல்லை, டிவியில் புருஷன் படம் வரும்போது கண்ணில் ஏதோ அசைகிறது, அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். அம்மா எழுந்திருக்கவில்லை. பெரிய மாமாவின் கடிதங்கள் 1983 வரைக்கும் வந்துகொண்டிருந்தன. இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய கலவரம் நடந்த அந்த ஜூலைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தாத்தா சாகும்வரை மாமாவுக்குத் திதி கொடுக்கவில்லை, எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து அம்மா கேட்டார்: “நம்ம அண்ணனுக்கு அங்க யாராச்சும் அப்புடி ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பாங்களா?”

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, தகரப்பெட்டியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் பையில் வைத்தார். மாமா கடைசியாகப் போட்டது. அனுப்பியவர் விலாசம் மஸ்கெலியா என்பது வரை தெரிந்தது, மேலே ஈரம் பட்டு மங்கியிருந்தது. மெஷினில் டார்க் கூட்டி இரண்டு காப்பி எடுத்தேன். மூன்றாவதில் தோட்டத்தின் பேர் வந்தது.